அணி எது, ஆகுபெயர் எது?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பரீட்சையில், ‘உவம உருபு மறைந்து வருவது உருவக அணி’ என்று எழுதினாள். டீச்சர் சிவப்பு மையால் சுழித்துவிட்டார். ‘கைடில் அப்படித்தான் இருக்கு’ என்று வீட்டில் ஒரே அழுகை. யார் சொல்வது சரி?
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: டீச்சர் சொல்வதுதான் சரி. ஆனால் உங்கள் மகள் மட்டும் செய்யும் தவறு அல்ல இது. தமிழ் இலக்கணத்தில் அதிகம் பேர் வழுக்கி விழும் படி.

உருபு மறைந்தால் அது உவமைத்தொகை. அதாவது ‘போன்ற’ என்ற சொல் உள்ளே ஒளிந்திருக்கிறது. வேண்டும்போது வெளியே எடுக்கலாம். உருவகத்தில் ஒளிவதற்கே ‘போன்ற’ கிடையாது. ஒரு பொருள் இன்னொரு பொருளைப்போல இருக்கிறது என்று சொல்லாமல், அதுவே இது என்று சாதித்துவிடுவது உருவகம்.

தொடரை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘மலர்முகம்’ விரிந்தால் ‘மலர் போன்ற முகம்’. உவமை (ஒப்பாகச் சொல்லும் மலர்) முன்னே, உவமேயம் (ஒப்பிடப்படும் முகம்) பின்னே, எனவே உவமைத்தொகை. ‘முகமலர்’ விரிந்தால் ‘முகமாகிய மலர்’. உவமேயம் முன்னே வந்துவிட்டது, நடுவில் ‘ஆகிய’ வருகிறது, எனவே உருவகம். கயல்விழி, விழிக்கயல், பவளவாய், வாய்ப்பவளம் எல்லாமே இந்த வாய்பாடுதான்.

இன்னும் சந்தேகம் என்றால் ஒரு வினைச்சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். ‘மலர்முகம் வியர்த்தது’ என்றால் இயல்பாக இருக்கிறது, ஏனென்றால் வியர்ப்பது முகம். ‘முகமலர் வியர்த்தது’ என்றால் இடறுகிறது, மலர் வியர்க்காது. ‘முகமலர் இதழ் விரித்தது’ என்றால் சரி. வினை எதற்குப் பொருந்துகிறதோ அதுதான் வாக்கியத்தை ஆள்கிறது. (வாடியது, மலர்ந்தது என்ற வினைகளை வைத்துச் சோதிக்க வேண்டாம். அவை முகத்துக்கும் மலருக்கும் பொதுவாகிவிட்டன.)

இதோடு எடுத்துக்காட்டு உவமை, பிறிதுமொழிதல் இரண்டும் சேர்ந்துகொண்டுதான் பிள்ளைகளைக் குழப்புகின்றன. ஒரே கருத்தை நான்கு விதமாகச் சொல்லிப் பார்ப்போம்.

‘அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய ஷேர் ஆட்டோ போல, வேலைமேல் வேலை ஏற்றிய உடம்பும் ஒருநாள் நின்றுவிடும்.’ உவமை இருக்கிறது, உவமேயம் இருக்கிறது, ‘போல’ வெளிப்படையாக இருக்கிறது. உவமையணி.

‘ஆள் அதிகமானால் ஷேர் ஆட்டோ மேம்பாலம் ஏறாது. வேலை அதிகமானால் உடம்பு மறுநாள் எழாது.’ இரண்டும் தனித்தனி வாக்கியங்கள். நடுவே ‘அதுபோல’ என்று நாம் போட்டுக்கொள்ள வேண்டும்; எழுதியவர் போடவில்லை. எடுத்துக்காட்டு உவமையணி. ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி / பகவன் முதற்றே உலகு’ என்ற முதல் குறளே இதற்குச் சான்று.

‘உடம்பாகிய ஷேர் ஆட்டோவில் பொறுப்புகளாகிய பயணிகளை அடைக்காதே.’ உருவகம். இதில் உடம்பை மட்டும் ஆட்டோவாக்கிவிட்டு, பொறுப்புகளைப் பொறுப்புகளாகவே விட்டுவிட்டால் அது ஏகதேச உருவகம். ‘பிறவிப் பெருங்கடல்’ என்று தொடங்கும் பத்தாம் குறளில் பிறவி கடலாகிறது. ஆனால் இறைவன் அடி தெப்பமாகவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் உருவகித்து மறுபக்கத்தை வாசகரிடம் விட்டதால் ஏகதேசம். விடைத்தாளில் வெறுமனே ‘உருவக அணி’ என்று எழுதினால் மதிப்பெண் குறைவது இந்த இடத்தில்தான்.

‘பத்தாவது ஆளாக ஏறியவர் பாவம், ஒல்லியானவர்தான். ஆனாலும் ஷேர் ஆட்டோவின் அச்சு முறிந்தது.’ உடம்பைப் பற்றிப் பேச்சே இல்லை. உவமையை மட்டும் சொல்லி, சொல்ல வந்ததை விட்டுவிட்டால் பிறிதுமொழிதல். வள்ளுவர் ஏற்றியது மயிலிறகு: ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் / சால மிகுத்துப் பெயின்.’ வலியறிதல் அதிகாரத்தில் இது நிற்பதால்தான், எளிய பகைவர்களும் பலராகச் சேர்ந்தால் வலியவனை முறித்துவிடுவார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அதிகாரத் தலைப்பை மறைத்துவிட்டால் இது வண்டிக்காரருக்குச் சொன்ன புத்தி. அதனால் இந்த அணியைக் கேட்டால் இடத்தையும் சேர்த்து எழுதுவது அவசியம்.

விடை எழுதும்போது அணியின் இலக்கணம், பாடல் அடி, பொருத்தம் என்று மூன்றாகப் பிரிக்கட்டும். பொருத்தத்தில் உவமை, உவமேயம், உவம உருபு மூன்றையும் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். உருபு இல்லாத அணியில் ‘உருபு இல்லை’ என்பதையும் எழுத வேண்டும். ‘போல’ மட்டுமே உருபு அல்ல. நன்னூல் போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைப்ப, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன என்று பன்னிரண்டைச் சொல்லி, ‘பிறவும்’ என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. நம் ‘மாதிரி’யும் அந்தக் கதவு வழியாக வந்ததுதான்.

கேள்வி: ‘இந்த விவகாரத்தில் கோட்டை மௌனம்’ என்று செய்தித்தாளில் போடுகிறார்கள். கட்டடம் எப்படிப் பேசும்? இது உருவகமா, ஆகுபெயரா? ஆங்கிலத்தில் மெட்டோனிமி என்று என் பேரன் சொல்கிறான்.
– ஓய்வுபெற்ற வாசகர், சேப்பாக்கம்

பதில்: பேரன் சொல்வது சரி; தமிழில் அது ஆகுபெயர். புனித ஜார்ஜ் கோட்டையில் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருப்பதால், இடத்தின் பெயர் அங்கே இருப்பவர்களுக்கு ஆகி வந்தது: இடவாகுபெயர். திரைத்துறையைக் கோடம்பாக்கம் என்பதும் அதே கணக்கு. உங்கள் பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள்: ‘சிக்ஸர் பறந்தது, சேப்பாக்கம் எழுந்து நின்றது.’

வேடிக்கை என்னவென்றால் அதே ‘கோட்டை’ உருவகமாகவும் வரும். ‘இந்தத் தொகுதி அந்தக் கட்சியின் கோட்டை’ என்றால் அங்கே கட்டடம் எதுவும் இல்லை. யாரும் நுழைய முடியாது என்ற ஒப்புமை மட்டுமே. ஒப்புமையால் வந்தால் உருவகம். உள்ளே இருப்பது, அளப்பது, செய்தது போன்ற ஏதோ ஒரு தொடர்பால் வந்தால் ஆகுபெயர். சந்தேகம் வந்தால் ‘கோட்டையில் இருப்பவர்கள்’ என்று மாற்றிப் பாருங்கள். வாக்கியம் நின்றால் ஆகுபெயர்.

ஆகுபெயரைக் கற்க இலக்கணப் புத்தகத்தைவிடத் தெருமுனை நல்ல பள்ளிக்கூடம். பூக்காரம்மாவிடம் ‘ரெண்டு முழம் குடும்மா’ என்கிறோம். முழம் என்பது அளவு, வாங்குவது பூ, எனவே நீட்டலளவை ஆகுபெயர். ‘அரை லிட்டர் வந்துச்சா?’ முகத்தலளவை. காய்கறிக் கடையில் ‘கால் கிலோ போடு’ எடுத்தலளவை. டீக்கடையில் ‘மாஸ்டர், நாலு போடுங்க’ எண்ணலளவை. ‘தலைக்கு இருநூறு ரூபாய்’ என்றால் தலை என்ற உறுப்பு ஆளைக் குறிக்கிறது, சினையாகுபெயர். ‘சுவருக்கு வெள்ளை அடிச்சாச்சு’, ‘பிங்க்ல போனா காசு மிச்சம்’ இரண்டும் பண்பாகுபெயர். நிறத்தின் பெயர் சுண்ணாம்புக்கும் பேருந்துக்கும் போயிற்று. தலையில் ‘டிசம்பர்’ வைத்துக்கொண்டால் காலவாகுபெயர். ஆட்டோக்காரர் ‘சவாரி இறங்கிடுச்சு’ என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இறங்கியது பயணி. செயலின் பெயர் ஆளுக்கு வந்ததால் தொழிலாகுபெயர். நாம் பதிலுக்கு அவரையே ‘ஆட்டோ!’ என்று கூப்பிட்டுக் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறோம்.

சில பெயர்கள் ஒரு தாவலோடு நிற்காது. ‘கார் அறுத்தார்கள்’ என்பதில் கறுப்பு நிறத்தின் பெயர் மேகத்துக்கும், மேகத்தின் பெயர் மழைக்காலத்துக்கும், காலத்தின் பெயர் அப்போது விளையும் நெல்லுக்கும் போயிற்று. இதை மும்மடியாகுபெயர் என்பார்கள்.

இரண்டு எச்சரிக்கை. ‘பாவை வந்தாள்’ என்பதை உவமையாகுபெயர் என்று இலக்கணம் சேர்த்துக்கொள்கிறது. அங்கே தொடர்பு ஒப்புமைதான். நாம் மேலே போட்ட வரப்பு அந்த ஓரிடத்தில் மட்டும் கரைகிறது. மற்றொன்று, ‘கறுப்புக்கோட்டு வாதாடினார்’ என்பது ஆகுபெயர் அல்ல, அன்மொழித்தொகை. இரண்டு சொல் தொகையாகச் சேர்ந்து, அந்த இரண்டிலும் இல்லாத வழக்கறிஞரைக் காட்டுகிறது. ‘கறுப்பு’ என்றோ ‘கோட்டு’ என்றோ தனிச்சொல்லாக நின்று அவரைக் குறித்தால்தான் ஆகுபெயர்.

கேள்வி: ‘மெல்ல மெல்ல’, ‘மளமள’ – இரண்டும் இரட்டைக்கிளவிதானே?
– பள்ளி மாணவர், வில்லிவாக்கம்

பதில்: இல்லை. பாதியை வெட்டிப் பாருங்கள். ‘மெல்ல’ தனியாக நின்று பொருள் தருகிறது, அடுக்குத்தொடர். ‘மள’ நிற்காது, இரட்டைக்கிளவி. அடுக்குத்தொடர் இரண்டு, மூன்று, நான்கு முறை வரலாம் (பாம்பைப் பார்த்தவர் இரண்டோடு நிறுத்துவாரா?). இரட்டைக்கிளவி இரண்டைத் தாண்டாது. எழுதும்போது அடுக்குத்தொடருக்கு இடைவெளி உண்டு, இரட்டைக்கிளவிக்குக் கூடாது. தட்டச்சில் ‘சல சல’ என்று இடம் விடுவது இப்போது எங்கும் பரவிவிட்ட பிழை.

கேள்வி: எங்கள் தெருவில் மழை பெய்து மூன்று நாளாகியும் தண்ணீர் வடியவில்லை. குடியிருப்போர் வாட்ஸாப் குழுவில், ‘வெனிஸ் நகரம் மாதிரி இருக்கு நம்ம தெரு’ என்று போட்டேன். அதற்கு ஒருவர் ‘அருமையான வஞ்சப்புகழ்ச்சி’ என்று பதில் போட்டார். எல்லாக் கிண்டலும் வஞ்சப்புகழ்ச்சி ஆகுமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: எல்லாம் ஆகாது, உங்களுடையது ஆகும். காரணத்தைப் பாருங்கள். ‘ஆஹா, சூப்பர் ரோடு!’ என்று மட்டும் போட்டிருந்தால் அது தொனியை நம்பிய கிண்டல். எழுத்தில் தொனி போய்ச் சேராது. ஒருவர் நிஜமாகவே ‘எந்த ரோடு சார்?’ என்று கேட்பார். ‘வெனிஸ் மாதிரி’ என்பதில் தெருவெல்லாம் தண்ணீர் என்ற பொதுத்தன்மை உண்மை. புகழ்ச்சியாக எடுத்தாலும் பழிப்பாக எடுத்தாலும் காரணம் பொய்யாகக் கூடாது. அந்த உண்மைதான் இந்த அணியின் ஆணி.

கயமை அதிகாரத்தில் வள்ளுவர் செய்தது இதுவே: ‘தேவர் அனையர் கயவர் அவருந்தாம் / மேவன செய்தொழுக லான்.’ கயவரைத் தேவர் என்கிறார். ஏன்? இருவரும் விரும்பியதைச் செய்கிறார்கள். தட்டிக் கேட்க ஆளில்லை. காரணம் இரு பக்கமும் உண்மை. அதனால்தான் அடி வலிக்கிறது.

வஞ்சப்புகழ்ச்சி ஒருவழிப் பாதை என்று பலர் நினைக்கிறார்கள். புகழ்வதுபோலப் பழிப்பது ஒன்று, பழிப்பதுபோலப் புகழ்வது இன்னொன்று. இரண்டையும் ஒரே பாட்டில் பார்க்க வேண்டுமென்றால் புறநானூற்றின் 95ஆம் பாட்டுக்குப் போங்கள். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன ஔவையார் அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்க்கிறார். இவை மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். தொண்டைமானின் ஆயுதங்களைப் புகழ்ந்த பேச்சு, ‘நீ போரே பார்க்காதவன்’ என்று முடிகிறது. அதியமானின் ஆயுதங்களைக் குறைத்த பேச்சு அவன் வீரத்தைச் சொல்கிறது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தொண்டைமான் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

ஆங்கிலத்தின் ஐரனி இதைவிட அகலமானது. தீயணைப்பு நிலையத்திலேயே தீப்பிடித்தால் அங்கே யாரும் யாரையும் புகழவில்லை. நிலைமையே முரணாக இருக்கிறது. அதற்கு ‘முரண்நகை’ என்ற புதுச்சொல் இருக்கிறது. வஞ்சப்புகழ்ச்சியை அதற்குப் போட வேண்டாம்.

கேள்வி: சிறிய அச்சகம் நடத்துகிறேன். கல்யாண வாழ்த்து மடலுக்கு வரிகள் நாங்களே எழுதித் தருகிறோம். ‘வாழ்க மணமக்கள் வளமோடு நலமோடு’ என்று அடித்தோம். ஒரு தமிழாசிரியர் வந்து ‘எதுகை இடிக்குது’ என்றார். எங்கே இடிக்கிறது?
– வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: முதலில் நல்ல சேதி: உங்கள் வரியில் மோனை நன்றாகவே விழுந்திருக்கிறது. மோனை என்பது முதல் எழுத்து ஒத்து வருவது. ஆனால் அதே எழுத்துதான் வேண்டும் என்பதில்லை. ச–த, ஞ–ந, ம–வ ஆகியவை தமக்குள் இனம். உயிரெழுத்தில் அ, ஆ, ஐ, ஔ ஒரு குடும்பம். இ, ஈ, எ, ஏ இன்னொன்று. உ, ஊ, ஒ, ஓ மூன்றாவது. உங்கள் வரியில் வா, ம, வ என்று முதல் மூன்று சீரும் இனமோனையாகச் சேர்கின்றன. நான்கு சீர் உள்ள அடியில் முதல் மூன்றிலும் அமைந்தால் அதற்குக் கூழை மோனை என்று பெயர். ஒன்றும் மூன்றும் மட்டும் ஒத்தால் பொழிப்பு. ஒன்றும் இரண்டும் என்றால் இணை. ஒன்றும் நான்கும் என்றால் ஒரூஉ. நான்கிலும் வந்தால் முற்று. தெரியாமலே கூழை எழுதியிருக்கிறீர்கள்.

இடிப்பது கடைசி இரண்டு சீரில். எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒக்க வேண்டும். ‘வளமோடு’ என்பதில் இரண்டாம் எழுத்து ள; ‘நலமோடு’ என்பதில் ல. சென்னைப் பேச்சில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகிவிடுவதால் காது ஏமாந்துவிட்டது. ‘மோடு, மோடு’ என்று ஈறு ஒத்திருப்பதும் எதுகை என்று நினைக்க வைக்கிறது. ஈறு ஒப்பது இயைபு, எதுகை அல்ல.

‘வாழ்க மணமக்கள் நலமோடு பலமோடு’ என்று மாற்றினால் ல–ல ஒத்து எதுகை சரியாகிவிடும். மோனை மட்டும் முதல் இரண்டு சீரோடு நின்று இணையாகும். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். மடலில் படிக்க மோனை இனிமை, மேடையில் சொல்ல எதுகை எடுப்பு.

எதுகையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இரண்டாம் எழுத்து ஒத்தால் மட்டும் போதாது, முதல் எழுத்தின் அளவும் ஒக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ‘பாடம்–ஓடம்’ எதுகை. ‘படம்–பாடம்’ எதுகை அல்ல. இரண்டிலும் ட இருந்தும் நடை சரிகிறது. ‘கற்க கசடறக் கற்பவை கற்றபின் / நிற்க’ என்பதில் க, நி இரண்டும் குறில், அடுத்தது ற். ‘கண்ணே, கிளியே’ என்பதைக் கவிஞர்கள் மோனையாக எடுத்துக்கொள்வார்கள். வருக்க மோனை என்று இலக்கணமும் இடம் கொடுக்கும். ‘கண்ணே, கனியே’ அளவுக்குக் காதில் நிற்காது என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: ‘அலை வந்து என் காலைத் தொட்டுப் போனது’ என்று கவிதை எழுதினேன். தோழி இதைத் தற்குறிப்பேற்றம் என்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை.
– கல்லூரி மாணவி, பெசன்ட் நகர்

பதில்: உங்கள் அவநம்பிக்கை நியாயமானது. அலை காலைத் தொடும். அது நடந்த சம்பவம். ‘காலில் விழுந்து வணங்கியது’ என்றிருந்தால் அலைக்கு மனிதச் செயலைக் கொடுத்தீர்கள் என்று சொல்லலாம்; அப்போதும் தற்குறிப்பேற்றம் முழுமையாகாது. இயல்பாக நடக்கும் ஒன்றுக்கு, அதன் இயல்பான காரணத்தை ஒதுக்கிவிட்டு, கவிஞர் தன் குறிப்பை ஏற்ற வேண்டும். ‘ஏன்’ என்ற கேள்விக்கு வரியில் விடை இருக்கிறதா என்று பாருங்கள். ‘சுண்டல்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து அலை ஓடி வருகிறது, கையில் காசில்லை என்பது நினைவுக்கு வந்து திரும்பிப் போகிறது’ என்றால் ஆயிற்று.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. ‘போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி / வாரலென் பனபோல் மறித்துக்கை காட்ட’ என்கிறார் இளங்கோவடிகள். ஆட வைத்தது காற்று. ‘வராதீர்கள்’ என்று தடுப்பது கவிஞரின் குறிப்பு. இங்கே ‘போல்’ என்று இருப்பதைப் பார்த்து உவமை என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. கொடிக்கு ஒப்பாக இங்கே வேறொரு பொருள் சொல்லப்படவில்லை. கொடியின் ஆட்டத்துக்குக் காரணம்தான் கற்பிக்கப்படுகிறது.

கேள்வி: ஆங்கில இலக்கிய வகுப்பில் ஸூக்மா, ஆக்ஸிமோரான், அனாஃபரா என்று அடுக்குகிறார்கள். தமிழில் இவற்றுக்கு அணி உண்டா?
– மாணவர், தாம்பரம்

பதில்: சில உண்டு, சில பக்கத்து வீடு. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் பொருளணிகளை 35 என்று எண்ணுகிறது. அதற்காக ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கிலப் பெயரைக் கயிற்றால் கட்டத் தேவையில்லை.

ஸூக்மாவுக்கு அருகில் நிற்பது தீவக அணி. தீவகம் என்றால் விளக்கு. ஓரிடத்தில் வைத்த விளக்கு அறை முழுவதும் வெளிச்சம் தருவதுபோல, ஓரிடத்தில் நின்ற சொல் பல இடங்களோடு சேர்ந்து பொருள் தரும். ‘சிவந்தன வானமும் கடலும் வலை இழுப்பவர் கண்ணும்’ என்றால் ‘சிவந்தன’ தீவகம். முதலில் நிற்பதால் முதல்நிலைத் தீவகம். இடையிலும் கடையிலும் நிற்கலாம். ஆங்கிலத்தில் ரசிக்கப்படுவது கொஞ்சம் வேறு: ஒரே வினை இரண்டு பொருளில் வேலை செய்ய வேண்டும். ‘அவர் பஸ்ஸையும் பெருமூச்சையும் ஒரே நேரத்தில் விட்டார்’ என்பதைப்போல. தமிழில் அதைத் தீவகத்தோடு சிலேடை கலந்தது என்று சொல்லலாம்.

ஆக்ஸிமோரானை முரண்தொடை என்று மொழிபெயர்த்து நிறையப் பேர் தேர்வில் எழுதுகிறார்கள். முரண்தொடை என்பது எதிர்ச்சொற்கள் சீரிலோ அடியிலோ எதிரெதிர் இடத்தில் தொடுக்கப்படுவது. ‘இன்பம்’ ஓரடியில், ‘துன்பம்’ அடுத்த அடியில். ‘இனிய துன்பம்’ என்று ஒரே தொடரில் முட்டவிட்டால்தான் ஆக்ஸிமோரான்.

அனாஃபரா தொடக்கத்தில் மட்டும் ஒரே சொல் திரும்ப வருவது. நம் சொற்பொருள் பின்வருநிலை எங்கும் வரலாம், ஆனால் பொருள் மாறக்கூடாது: ‘தீயவை தீய பயத்தலால் தீயவை / தீயினும் அஞ்சப் படும்.’ சொல் ஒன்றாக இருந்து பொருள் மாறினால் அது சொற்பின்வருநிலை. சொல் மாறிப் பொருள் ஒன்றாக இருந்தால் பொருட்பின்வருநிலை.

கேள்வி: ‘காலமானார்’ என்பதும் ‘புட்டுக்கினாரு’ என்பதும் ஒரே அர்த்தம்தானே? இரண்டும் மறைமுகச் சொல்தானே?
– வாசகர், ராயபுரம்

பதில்: சேதி ஒன்றுதான். முதலாவது மங்கலம், மங்கலமில்லாததை மங்கலமாகச் சொல்லும் தகுதி வழக்கு. ‘கால் கழுவி வந்தேன்’ என்பது, வெளிப்படையாகச் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைக்கும் இடக்கரடக்கல். ஒரு தொழிலாரோ கூட்டமோ தங்களுக்குள் மட்டும் புரியும்படி வைத்துக்கொள்வது குழூஉக்குறி. உங்கள் இரண்டாவது சொல் இந்த மூன்றிலும் சேராது. இழவு வீட்டு வாசலில் சொல்லிப் பார்த்தால் ஏன் என்று தெரிந்துவிடும்.